கீழே ஓடும் எழுத்து

திரைக்கு இடப்பக்கம், மணல் வாளியை ஒட்டி
எனக்கொரு ஸ்டூல், மைக், டோர்ச் லைட்.
படத்தில் அவர்கள் பேசுவது எந்த நாட்டுப் பேச்சோ,
எனக்கும் தெரியாது.
கீழே ஓடுகிற ஆங்கிலம்தான் என் பொறுப்பு.
அது ஓடி மறையுமுன்
தமிழாக்கி இருட்டுக்குள் விட வேண்டும்.

தலவாக்கலை, கூட்டுறவு மண்டபம்.
மூன்று நாள் திரைப்பட விழா.
"நாலாவது வருஷமும் நஷ்டம்" என்று
பொருளாளர் மரியசெல்வம் கணக்கு வாசிப்பார்,
பூசையில் வாசகம் வாசிப்பதுபோல, முகமெல்லாம் நிறைவோடு.
டிக்கெட் கிடையாது. வாசலில் பிஸ்கட் டின்.
நேற்று அதில் எழுநூற்றிருபது ரூபாயும்
சட்டைப் பொத்தான் ஒன்றும் கிடந்தன.
புரொஜெக்டர் கண்டியிலிருந்து இரவல்.
குணதிலக அதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து
அதற்கும் டிக்கெட் எடுத்துக் கூட்டிவருவார்.

பகலில் நான் பாரம் நிரப்பிக் கொடுப்பவள்.
சேமலாப நிதி, அடகு, தொலைந்துபோன அடையாள அட்டை.
ஒருத்தர் வாயில் வருவதை
இன்னொரு மொழியில் இறக்கி வைக்கிற பிழைப்பு.
சாயங்காலம் அதே வேலை, கூலிதான் இல்லை.

சனிக்கிழமைப் படத்தில்
ரயில் நிலையத்து வாங்கில் ஒரு பெண், காலடியில் பெட்டி.
வெளியே பனி.
எங்கள் பனி நடமாடும், ஜன்னல் வழி வந்து
பின்வரிசையில் உட்காரக்கூடச் செய்யும்.
இது விழுந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிற பனி.
அவள் பேசவில்லை.
ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம்.
கீழே எழுத்து ஓடவில்லை.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"
"இல்ல. அவங்க பேசல்ல."
"பேசாம என்ன செய்றாங்க?"
மைக் வைத்திருப்பவளுக்கு மௌனம்
களவுபோல உறுத்தும்.
"யோசிக்கிறா" என்றேன்.
எழுத்தில் இல்லாததை நான் சொன்னது
அதுதான் முதல் தடவை.
"அப்ப யோசிக்கட்டும்" என்றது இருட்டு.

கரண்ட் போனது.

ஜன்னலுக்குக் கீழே
அணைக்கட்டு விளக்குகள் மட்டும் எரிந்தன.
எங்கள் அருவியைக் குழாயில் இறக்கித்தான்
நாட்டுக்கு வெளிச்சம் அனுப்புகிறார்கள்.
போகிற அவசரத்தில்
அது எங்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

மழை. யாரும் எழும்பவில்லை.
"அவ ரயில் ஏற மாட்டா."
"ஏறுவா. பெட்டியப் பூட்டிட்டாளே."
"பூட்டி என்ன? சாவி வீட்டுல, ஆணியில தொங்குது. பார்க்கல்லியா நீ?"
நானும் பார்க்கவில்லை.
எழுத்தையே பார்ப்பவளுக்கு ஆணி எங்கே தெரியும்?

அப்போது ஜெயரூபி, காமன்ட் வேலையை விட்டு வந்தவள்,
யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:
"கட்டுநாயக்கவுக்குப் போனப்ப
நானும் சாவிய ஆணியிலதான் விட்டுட்டுப் போனேன்.
பெட்டிக்குள்ள ஒண்ணுமில்லன்னு
போற வழியில எனக்கே தெரியக்கூடாதுன்னு."

மழை மட்டும் கேட்டது.
என்ன சொன்னாள் என்று
சிங்களத்தில் கேட்டார் குணதிலக.
மைக் செத்திருந்தது.
தட்டுத்தடுமாறிப் போய் அவர் காதருகே குனிந்து
அவள் சொன்ன அளவுக்கே சொன்னேன்,
ஒரு சொல்லும் கூட்டாமல்.
அவர் புரொஜெக்டர் மேல் கை வைத்தபடி இருந்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஒன்பதேகாலுக்குக் கரண்ட் வந்தது.
கடைசி பஸ் போயிருந்தது; பதினொரு பேர் மிச்சம்.
விட்ட இடத்திலிருந்து போட்டார்.
அவள் ஏறவுமில்லை, திரும்பவுமில்லை.
ரயில் வருமுன்பே படம் முடிந்துவிட்டது.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."
"நம்ம சொன்ன கதையே பரவாயில்ல."

வேன் ஒன்று பிடித்தோம்.
இந்தக் கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
மரியசெல்வம் முன்சீட்டிலிருந்து கேட்டார்.
யாருக்கும் தெரியவில்லை.
ஜெயரூபி மட்டும்
அந்த ஆணி கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தது,
எந்தப் பக்கம் என்று
இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.